ஆக்ட்ராய் போன வழியில் வீட்டு வரியும் போகலாமா?

ஏப்ரல் பிறந்ததும் மைசூரு மாநகராட்சியின் மண்டல அலுவலகங்களில் வரிசை நீளும். அந்த மாதத்துக்குள் ஆண்டு முழுமைக்கும் வீட்டு வரியைக் கட்டிவிட்டால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஜூன் தாண்டினால் மாதம் 2 சதவீதம் அபராதம் ஏறும். வரிசையில் தலை நரைத்தவர்களே அதிகம். அக்ரஹாரம், கிருஷ்ணமூர்த்திபுரம், சாமுண்டிபுரம் போன்ற பழைய பகுதிகளில் அப்பா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவர்கள் அவர்கள். அவர்களுடைய மனக்குறை நியாயமானது. குடியிருக்கும் வீடு சோறு போடுவதில்லை. தெருவில் மனை விலை ஏறிவிட்டது என்பதற்காக அவர்கள் கையில் காசு புரள்வதுமில்லை. வரி மட்டும் ஏறுகிறது. கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஏற்கெனவே வரி கட்டுகிறோம், அதில் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிக்கொண்டு வீட்டு வரியை எடுத்துவிட்டால் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இதே கேள்வி அமெரிக்காவின் பல மாநிலங்களில் தேர்தல் பிரச்சினையாகவே இருக்கிறது. சில மாநிலங்கள் அதைச் செய்தும் பார்த்தன. ஆனால் விடை தேடி அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நகரத்தின் சொந்த வரியை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் அரசு வசூலிக்கும் வரியிலிருந்து ஈடு தருவது என்ற சோதனை கர்நாடகத்தில் 1979லேயே தொடங்கிவிட்டது. அன்று போனது ஆக்ட்ராய் என்ற நகர எல்லை வரி. அது போன கதையைத் தெரிந்துகொண்டால் வீட்டு வரியும் அதே வழியில் போகலாமா என்பதை முடிவு செய்வது எளிது. போகக் கூடாது என்பது என் முடிவு. வீட்டு வரியில் இருக்கும் அநியாயங்களைக் களைவது வேறு, வரியையே ஒழிப்பது வேறு.

ஒரு ரசீதுக்குள் இருப்பவை

நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி போடும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 49ஆவது இனத்தில் மாநிலங்களுக்குத் தருகிறது. கர்நாடகம் அதை 1976ஆம் ஆண்டின் மாநகராட்சிகள் சட்டத்தின் வழியே நகரங்களிடம் ஒப்படைத்தது. நீண்ட காலம் இந்த வரி, வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பின்மேல் போடப்பட்டது. மதிப்பிடுபவர் அலுவலர். பேரமும் புகாரும் அங்கேயே தொடங்கின. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிர்ணயித்த வாடகைக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்று தேவான் தவுலத் ராய் கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இந்தியா முழுவதும் பழைய வீடுகளின் வரி உறைந்துபோனது. சந்தை வாடகை பல மடங்கு உயர்ந்தாலும் வரிப் புத்தகத்தில் பழைய எண்ணே நின்றது.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கர்நாடகம் 2002இல் சுயமதிப்பீட்டு முறைக்கு வந்தது. வீட்டுக்காரரே பரப்பளவு, கட்டட வகை, வயது ஆகியவற்றை எழுதி, மூலதன மதிப்பைக் கணக்கிட்டு வரியைக் கட்டலாம். 2021இல் வந்த திருத்தம், பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்போடு இந்தக் கணக்கை இணைத்தது. கட்டடத்தோடு கூடிய சொத்தின் வழிகாட்டி மதிப்பில் 25 சதவீதம் வரிக்குரிய மதிப்பு. அதன்மேல் மாநகராட்சி வகுத்த விகிதம்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் ரூபாய். அதில் கால் பங்கு 15 லட்சம். விகிதம் அரை சதவீதம் என்று வைத்தால் வரி 7,500 ரூபாய். இதன்மேல் செஸ்கள் ஏறும்: சுகாதாரத்துக்கு 15 சதவீதம், நூலகத்துக்கு 6, இரப்போர் மறுவாழ்வுக்கு 3, நகரப் போக்குவரத்துக்கு 2. ஆக 26 சதவீதம், 1,950 ரூபாய். மொத்தம் 9,450 ரூபாய். அதில் 450 ரூபாய் நூலகத்துக்கும் 225 ரூபாய் இரப்போர் மறுவாழ்வு மையங்களுக்கும் போகவேண்டிய பணம் என்று ரசீதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்தியாவில் ஒரு குடிமகன் கட்டும் வேறு எந்த வரியிலும் பணம் எதற்குப் போகிறது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. நூலகத்தில் புதுப் புத்தகம் வரவில்லை என்றால், என் செஸ் எங்கே என்று கேட்க அவருக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது.

1979: எல்லைச் சாவடிகள் மூடப்பட்டபோது

ஆக்ட்ராய் என்பது நகர எல்லைக்குள் நுகர்வுக்கோ விற்பனைக்கோ வரும் பொருளின்மேல் அந்த நகரமே வசூலித்த வரி. எல்லையில் சாவடி இருக்கும், லாரி நிற்கும், மூட்டைகள் சோதிக்கப்படும். வணிகர்கள் இதை வெறுத்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு. நேரம் வீணானது, காய்கறி அழுகியது, சாவடியில் கைமாறிய பணத்துக்குக் கணக்கில்லை. ஆனால் நகராட்சிகளுக்கு அதுவே பெரிய வருமானம். அன்றன்றைய வசூல் அன்றன்று கஜானாவுக்கு வந்தது. ஊரில் வியாபாரம் பெருகினால் வருமானமும் தானாகப் பெருகியது.

மத்தியப் பிரதேசம் 1976இல் இதை ஒழித்தது. கர்நாடகம் 1979இல் ஒழித்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் தேவராஜ் அர்ஸ், மைசூரு மாவட்டத்து ஹுன்சூர்க்காரர். ஆக்ட்ராய்க்குப் பதிலாக அதே ஆண்டில் நுழைவு வரிச் சட்டம் வந்தது. உள்ளூர்ப் பகுதிக்குள் வரும் பொருளுக்கு வரி தொடர்ந்தது. ஆனால் வசூலிப்பவர் மாறினார். நகராட்சிச் சாவடி போய், மாநில அரசின் வணிக வரித் துறை வந்தது. நகரங்கள் இழந்ததை மாநிலம் மானியமாகத் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. ஹன்சா கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

வணிகத்துக்கு நல்லது நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லாரிகள் சாவடியில் காத்துக்கிடப்பதை யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள். ஆனால் நகரத்தின் நிலை அடியோடு மாறியது. நேற்றுவரை தன் வரியைத் தானே எண்ணிய ஊர், இன்று மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தனக்கென்று எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று காத்திருக்கும் ஊரானது. ஊரின் வியாபாரம் வளர்ந்தாலும் அதற்கேற்ப மானியம் வளரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது இந்த நுழைவு வரியும் அதில் கரைந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் 101ஆவது அரசமைப்புத் திருத்தம், பொருள்களின் நுழைவுக்கு வரி போட அதிகாரம் தந்த 52ஆவது இனத்தையே மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஈட்டுத்தொகையின் அடிப்படையாக இருந்த வரியே இப்போது இல்லை. அதிகாரம் முதலில் நகரத்திலிருந்து மாநிலத்துக்குப் போனது, பிறகு மாநிலத்திலிருந்து ஜிஎஸ்டி மன்றத்துக்குப் போனது. ஒருமுறை மேலே போனது கீழே இறங்கவில்லை.

மும்பையின் அனுபவம் சற்று வேறு. அந்நகரம் 2017 வரை ஆக்ட்ராயை விடவில்லை. விட்டபோது சட்டத்தின் துணையோடு விட்டது. மகாராஷ்டிரம் உள்ளாட்சிகளுக்கான ஈட்டுச் சட்டத்தை அந்த ஆண்டே இயற்றி, 2016-17 வசூலை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சியோடு தருவதாக எழுதிக் கொடுத்தது. முதல் மாதத் தவணையாக 647 கோடி ரூபாய்க் காசோலையை மாநில நிதியமைச்சர் மாநகராட்சிக்கே சென்று மேயரிடம் கொடுத்தார். நாட்டின் மிகப் பணக்கார மாநகராட்சிக்கு இப்படிப் பேரம் பேசும் வலு இருந்தது. மைசூரு அளவுள்ள ஊருக்கு அந்த வலு 1979இலும் இல்லை, இன்றும் இல்லை.

விற்பனை வரியை உயர்த்தும் கை யாருடையது?

வீட்டு வரிக்குப் பதில் விற்பனை வரி என்று சொல்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த விற்பனை வரியை யார் உயர்த்துவது? மைசூரு மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் எக்காலத்திலும் இருந்ததில்லை. கர்நாடக அரசிடம் இருந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை. 54ஆவது இனத்தின்கீழ் மாநிலம் தானாக விற்பனை வரி போடக்கூடியவை இன்று பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், மது ஆகியவை மட்டும். மற்ற அனைத்துக்கும் விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி மன்றம். அங்கே ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை வேண்டும். மைசூரின் சாக்கடைக்காக ஒரு பொருளின் வரியை நாடு முழுக்க உயர்த்த யாரும் சம்மதிக்கமாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நடந்ததும் இதற்கு நேர் எதிரானது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீத அடுக்குகளுக்கு வந்தன. குளியல் சோப்பு 18இலிருந்து 5 ஆனது. நுகர்வு வரி குறையும் காலத்தில் அதைக் கூட்டி நகரத்தை நடத்தலாம் என்ற யோசனைக்கு இடமில்லை.

மிஞ்சியிருப்பவற்றில் முதன்மையானவை பெட்ரோலும் டீசலும்தான். மாநிலத்துக்குப் பணம் தேவைப்படும்போது கை அங்கேதான் போகிறது. 2024 ஜூனில் கர்நாடகம் பெட்ரோல் மீதான விற்பனை வரியை 25.92இலிருந்து 29.84 சதவீதமாகவும், டீசல் மீதானதை 14.34இலிருந்து 18.44 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 ஏப்ரலில் டீசல் வரி 21.17 சதவீதமாக ஆனது. நஞ்சன்கூட்டிலிருந்தும் தி.நரசிபுரத்திலிருந்தும் தினமும் இருசக்கர வண்டியில் மைசூருக்கு வேலைக்கு வருபவர் இந்த உயர்வைக் கட்டினார். அதில் ஒரு ரூபாய்கூட மைசூரின் தெருவிளக்குக்கென்று ஒதுக்கப்படவில்லை. வீட்டு வரியை எடுத்துவிட்டு அதை எரிபொருளில் ஏற்றினால், சொந்த வீடில்லாத அந்த மனிதர் வீடுள்ளவரின் வரியைத் தன் வண்டியில் சுமப்பார்.

லாபம் யாருக்கு?

மேலே சொன்ன கற்பனை வீட்டுக்கே திரும்புவோம். அதன் உரிமையாளர் மாதம் 15,000 ரூபாய்க்கு வரி விதிக்கத்தக்க பொருள்கள் வாங்குகிறார் என்று கொள்வோம். வீட்டு வரி போய், விற்பனை வரி 3 சதவீதப் புள்ளி கூடினால் அவர் ஆண்டுக்கு 5,400 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார், 9,450 மிச்சப்படுத்துவார். கையில் நிற்பது 4,050 ரூபாய். அவருடைய மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும் அதே அளவு செலவு செய்தால் அவர்களும் 5,400 கட்டவேண்டும். மிச்சம் எதுவும் கிடையாது. வீட்டு வரி நின்றதால் வாடகை குறையுமா? குடியிருப்பவர்களின் தேவையும் கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் வாடகையைத் தீர்மானிக்கின்றன. காலப்போக்கில் வரிக் குறைப்பின் ஒரு பகுதி வாடகையில் தெரியலாம், உடனே தெரியாது. ஊரின் நடுவில் கல்யாண மண்டபமும் வணிக வளாகமும் வைத்திருப்பவரின் வரி லட்சங்களில் போகும். அவர் மிச்சப்படுத்துவதோடு ஒப்பிட்டால் ஓய்வூதியக்காரரின் லாபம் பொருட்படுத்தத்தக்கது அன்று. ஓய்வூதியக்காரரை முன்னால் நிறுத்தித்தான் இந்தக் கோரிக்கை எழுகிறது. பலன் அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குப் போகிறது.

மனைச் சந்தையிலும் இதன் விளைவு தெரியும். ஆண்டுக்கு 9,450 ரூபாய்ச் செலவு நிரந்தரமாக நீங்கிய வீட்டை வாங்க வருபவர் அதற்கேற்ப விலை கூட்டிக் கொடுப்பார். ஆறு சதவீத வட்டிக் கணக்கில் அது சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். இன்று வீடு வைத்திருப்பவருக்கு அது பரிசு. நாளை வீடு வாங்க நினைக்கும் இளம் தம்பதிக்கு அது கூடுதல் கடன். மைசூரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய லேஅவுட்டுகளில் புதர் மண்டிய மனைகள் எத்தனையோ கிடக்கின்றன. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவை அவை. அந்த மனைகளைக் கடந்துதான் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் மின் கம்பியும் போகவேண்டும். நிலத்தின்மேல் ஆண்டு வரி இருந்தால்தான் அப்படிப் பூட்டி வைப்பதற்கு ஒரு செலவாவது இருக்கும். விற்பனை வரி காலி மனையைத் தொடவே தொடாது.

நிலையான வருமானம் என்ற கோணத்திலும் பார்க்கவேண்டும். 2019 ஏப்ரலில் நாடு முழுவதுமான ஜிஎஸ்டி வசூல் 1.13 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஊரடங்கு நடந்த 2020 ஏப்ரலில் அது 32,172 கோடியாக விழுந்தது. கடைகள் மூடியிருந்த அந்த மாதத்திலும் மைசூரின் துப்புரவுப் பணியாளர்களான பௌரகார்மிகர்கள் ஒவ்வொரு நாளும் குப்பை அள்ளினார்கள், கிருமிநாசினி தெளித்தார்கள். நகரத்தின் செலவு வியாபாரத்தோடு சேர்ந்து விழுவதில்லை. வியாபாரம் விழும்போது நகரத்தின் பொறுப்பு கூடவும் செய்கிறது. வீடும் நிலமும் ஊரடங்கிலும் இருந்த இடத்தில் இருக்கும். அவற்றின்மேல் போடும் வரி தாமதமாகலாம், மறைந்துபோகாது.

செய்து பார்த்தவர்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இந்தச் சோதனையை முழு மனதோடு செய்தது. பள்ளிகளை நடத்தும் செலவுக்கான சொத்து வரியைச் சட்டமன்றம் 1993இல் நீக்கியது. 1994 மார்ச்சில் மக்கள் வாக்களித்து மாநில விற்பனை வரியை 4இலிருந்து 6 சதவீதமாக உயர்த்திக்கொண்டார்கள். இதனால் ஒரு நன்மை நடந்தது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். பணக்காரப் பகுதிப் பள்ளிக்கும் ஏழைப் பகுதிப் பள்ளிக்கும் இருந்த நிதி இடைவெளி குறைந்தது. அதே சமயம் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் வருமானத்துக்கு மாநிலத் தலைநகரைப் பார்க்கவேண்டிய நிலை வந்தது. அங்கேயும் சொத்து வரி முழுக்க ஒழியவில்லை. உரிமையாளர் குடியிராத வீடுகளுக்கும் வணிகச் சொத்துகளுக்கும் அது தொடர்ந்தது.

தென் கரோலினா 2006இல் விற்பனை வரியை 5இலிருந்து 6 சதவீதமாக்கி, உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளைப் பள்ளிச் செலவுக்கான சொத்து வரியிலிருந்து விடுவித்தது. ஓரிரு ஆண்டுகளில் பொருளாதாரச் சரிவு வந்தது. விற்பனை வரி எதிர்பார்த்த அளவு வரவில்லை. பள்ளிகளுக்கு உறுதியளித்ததை மாநிலம் பொதுநிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. வாடகை வீடுகளின்மேலும் சிறு வணிகத்தின்மேலும் சுமை சாய்ந்தது. வடக்கு டகோட்டாவில் சொத்து வரியை ஒழிக்கும் யோசனை 2012இலும் 2024இலும் மக்கள் வாக்குக்கு வந்தது. இரண்டு முறையும் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். தங்கள் பணம் உள்ளூரிலேயே தங்குவதை அவர்கள் மதித்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இலங்கையின் அனுபவம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் அங்கே பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8இலிருந்து 12 சதவீதமாகவும், செப்டம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் ஏறியது. பன்னாட்டு நிதியத்துடனான திட்டத்தில் சொத்தின்மேல் வரி போடுவதும் பேசப்பட்டது, ஆனால் அது தள்ளிப்போனது. கடையில் வசூலிப்பது எளிது, கொழும்பின் பெரிய மாளிகைகளிடம் வசூலிப்பது கடினம். நெருக்கடியில் அரசுகள் எளிய வழியையே முதலில் எடுக்கின்றன, அதன் பாரம் எளியவர்மேல் விழுகிறது.

சொத்து வரியை அரசியல் காரணத்துக்காகத் தொடாமல் வைத்திருப்பதும் தீங்கு என்பதைத் தமிழ்நாடு காட்டியது. 2018இல் வந்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் மொத்தமாக வந்தபோது 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. ஆண்டுதோறும் சிறிது ஏறியிருந்தால் யாருக்கும் அதிர்ச்சி இருந்திருக்காது.

குறைகள் உண்மையானவை, தீர்க்கக்கூடியவை

வீட்டு வரிமேல் சொல்லப்படும் குறைகளை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. முதல் குறை, வீடு உண்டு, வருமானம் இல்லை என்ற முதியவரின் நிலை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 55 வயது கடந்தவர்கள் தம் சொத்து வரியைத் தள்ளிவைக்கலாம். அரசு நகரத்துக்குக் கட்டிவிட்டு, வீடு விற்கப்படும்போதோ வாரிசுக்கு மாறும்போதோ வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொள்ளும். மைசூரில் இதைச் செய்வதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சொத்து மாறும்போது மாநகராட்சியின் சொத்துப் பதிவான காத்தாவும் மாறியே ஆகவேண்டும். இ-காத்தா வந்துவிட்டபின் அந்த இடத்தில் நிலுவையை வசூலிப்பது எளிது. ஒரே வீட்டில் குடியிருக்கும், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழுள்ள முதியவருக்கு இந்த வாய்ப்பைச் சட்டத்திலேயே எழுதவேண்டும்.

இரண்டாவது குறை, ஒழுங்காகக் கட்டுபவனே மேலும் மேலும் கட்டுகிறான் என்பது. இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்து, பெங்களூரும் ஜெய்ப்பூரும் தங்களால் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கவில்லை என்று கணித்தது. மைசூரிலும் சொத்துகளைப் படம் பிடித்து, காத்தாவோடும் மின் இணைப்போடும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்க்கவேண்டும். விகிதத்தை உயர்த்துவதற்கு முன் இதைச் செய்தாகவேண்டும். தானே எழுதிக் கொடுத்த பரப்பளவு சரிதானா என்று வார்டுவாரியாகப் பட்டியலை வெளியிட்டால் அண்டை வீட்டாரே சரிபார்ப்பார்கள்.

மூன்றாவது, மைசூருக்கே உரிய ஒரு சிக்கல். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம், ரயில்வே பணிமனை என்று ஊரின் நல்ல நிலத்தில் ஒன்றிய அரசின் நிறுவனங்கள் பரந்து கிடக்கின்றன. அரசமைப்பின் 285ஆவது பிரிவு ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு வரி விலக்குத் தருகிறது. 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின்முன் எட்டிய முடிவின்படி, பெறும் வசதிகளுக்கேற்பச் சொத்து வரியில் 33⅓, 50 அல்லது 75 சதவீதத்தைச் சேவைக் கட்டணமாக அவை தரவேண்டும். அந்தத் தொகை நிலுவையின்றி வருகிறதா என்பதை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட்டாலே குடிமக்களின் நம்பிக்கை கூடும்.

நான்காவது வாதமே விற்பனை வரிக்காரர்களின் வாதங்களில் எனக்கு வலுவானதாகப் படுகிறது. அது சுற்றுலாப் பயணிகளைப் பற்றியது. தசராவில் ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை போகும் நாளில் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் சையாஜி ராவ் சாலை உணவகத்தில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஜிஎஸ்டி 10 ரூபாய். அதில் 5 ஒன்றியத்துக்கு, 5 மாநிலத்துக்கு. அன்று இரவு அந்தச் சாலையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் மாநகராட்சிக்கு நேரடியாக ஒரு பைசாவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களில் முதலிடம் பிடித்த ஊர் இது. அந்தப் பெயரால் கூடும் வியாபாரத்தின் வரி முழுக்க வேறு கஜானாக்களுக்குப் போவது அநியாயம்.

இந்த அநியாயத்துக்குத் தீர்வு வீட்டு வரியை ஒழிப்பதில் இல்லை. ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். அதில் 2.2 சதவீதப் புள்ளி உள்ளூர் நுகர்வு வரி. அதில் பாதி நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் சட்டப்படி போகிறது. அதே நகரங்கள் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் 1.4 சதவீத அடிப்படை விகிதத்தில் சொத்து வரியையும் வசூலிக்கின்றன. ஒன்று வந்துபோகிறவர்களின் பங்கு, மற்றது வேர்விட்டவர்களின் பங்கு. கர்நாடகத்துக்குக் கிடைக்கும் ஜிஎஸ்டியில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் மக்கள்தொகை, பயணிகள் வருகை, நகரின் சொந்த வரி முயற்சி ஆகியவற்றின் அடிப்படையில் நேரடியாக நகரங்களுக்குப் போகவேண்டும் என்று சட்டமாக்கவேண்டும். அமைச்சரின் விருப்பத்துக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் அது கட்டுப்படக் கூடாது.

கேட்கும் உரிமை

2024 பிப்ரவரி 7 அன்று கர்நாடக அமைச்சரவை டெல்லி ஜந்தர் மந்தரில் போராடியது. பதினான்காம் நிதி ஆணையம் தந்த 4.713 சதவீதப் பங்கு பதினைந்தாம் ஆணையத்தில் 3.647 சதவீதமாகக் குறைந்ததும், தாம் கட்டும் வரிக்கு ஏற்பத் திரும்பக் கிடைக்காததும் அவர்களின் புகார். அந்தப் புகார் நியாயமானது. அதே நியாயம் மைசூருக்கும் உண்டு. வசூலிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பங்குக்காகக் காத்திருப்பவர் எப்போதும் பலவீனமானவர் என்பதை டெல்லியில் உணர்ந்த மாநிலம், பெங்களூரிலிருந்து தன் நகரங்களைப் பார்க்கும்போதும் உணரவேண்டும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகரங்களைத் தன்னாட்சி அமைப்புகளாக அங்கீகரித்தது. 2023 நவம்பரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் மைசூரு மாநகராட்சி தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் நிர்வாக அதிகாரியின்கீழ் வந்தது. 65 வார்டுகளின் மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல ஆளில்லாத காலத்தில், நகரத்தின் சொந்த வரியும் இல்லாமல் போனால் அந்த ஊரை ஓர் அரசுத் துறையின் கிளை என்றுதான் சொல்லவேண்டும்.

2012 ஆகஸ்டில் மாநகராட்சிக்குச் சொந்தமான லான்ஸ்டவுன் கட்டடம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. இரண்டும் நூற்றாண்டு கண்ட கட்டடங்கள். பழுது பார்ப்பதா இடிப்பதா என்ற இழுபறி வருடக்கணக்கில் நீண்டது. பணம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொந்தப் பணமும் சொந்த மன்றமும் உள்ள ஊர் தன் மார்க்கெட்டைப் பற்றித் தானே முடிவெடுக்கும், முடிவு தவறானால் அடுத்த தேர்தலில் அதற்குப் பதிலும் சொல்லும்.

வீட்டு வரி ரசீது குடிமகனின் கையில் அந்தக் கேள்வி கேட்கும் உரிமையைத் தருகிறது. சோப்பின் விலைக்குள் கரைந்த வரி அதைத் தருவதில்லை. எனவே கோரிக்கை இப்படி இருக்கவேண்டும்: முதியவருக்கு வரியைத் தள்ளிவைக்கும் வசதி, விடுபட்ட சொத்துகளைச் சேர்ப்பது, ஒன்றிய நிறுவனங்களின் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டியில் சட்டப்படி ஒரு பங்கு, உடனடியாக மன்றத் தேர்தல். இவை ஐந்தும் கிடைத்தால் மைசூருக்காரர் ஏப்ரலில் கட்டும் பணத்துக்கு முழு மதிப்பும் கிடைக்கும். வீட்டு வரியை மேலே இருக்கும் அரசிடம் ஒப்படைத்துவிட்டால் இவற்றில் எதையும் கேட்கும் வலு ஊருக்கு இருக்காது.